ஊருக்கு வரும் பஸ்ஸை நிறுத்துவது யார்? பெர்மிட், நடை, கலெக்‌ஷன் பற்றி ஓர் அறிமுகம்

கிராமத்து பஸ் ஒரே நாளில் நின்றுபோவது அபூர்வம். முதலில் ராத்திரி கடைசி நடை (டிரிப்) நின்றுபோகும், கேட்டால் வண்டி ரிப்பேர் என்பார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. அடுத்து மத்தியான நடை ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டு முக்கத்திலேயே திரும்பிவிடும். கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மிஞ்சும், அதுவும் பள்ளி லீவு விட்டால் சந்தேகம்தான். திருத்துறைப்பூண்டி பக்கம் கேட்டாலும் குடவாசல் பக்கம் கேட்டாலும் கொள்ளிடக்கரை ஊர்களில் கேட்டாலும் ஏறக்குறைய இதே வரிசையைத்தான் சொல்வார்கள். இதில் எந்தக் கட்டத்தில் யார் முடிவெடுத்தார், எந்தச் சட்டப்படி எடுத்தார், யாரிடம் போய்க் கேட்பது என்பது மட்டும் பலருக்கும் தெரிவதில்லை. தெரியாததால் கண்டக்டரிடம் சண்டை போடுகிறோம். பாவம், டெப்போவில் எழுதிக் கொடுத்த நடையை ஓட்டுவதைத் தவிர அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

ஆகவே அடிப்படையிலிருந்து ஆரம்பிப்போம்.

வழியில் ஆள் ஏற்றி இறக்கி, ஆளுக்கு ஆள் தனித்தனியாக டிக்கெட் கொடுத்து ஓடும் எந்த பஸ்ஸுக்கும் பெர்மிட் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988 அப்படித்தான் சொல்கிறது. அந்த பெர்மிட்டைத் தருவது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். பெயரைப் பார்த்து ஏதோ தனி அலுவலகம் என்று நினைத்துவிட வேண்டாம், தமிழ்நாட்டு மாவட்டங்களில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் மாவட்ட ஆட்சியர், அதாவது கலெக்டர். ஆர்.டி.ஓ. அதன் செயலாளராக இருந்து கோப்புகளை நடத்துகிறார். பட்டா மாறுதலுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் திங்கட்கிழமை மனு வாங்குகிறாரே, அதே கலெக்டர்தான் உங்கள் ஊர் பஸ் பெர்மிட்டுக்கும் சட்டப்படி அதிகாரி. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

பெர்மிட் என்றால் வெறும் அனுமதிச் சீட்டு என்று நினைக்கிறோம். உண்மையில் அதில் கடமைகள்தான் நிறைய. சட்டத்தின் 72வது பிரிவைப் பார்த்தால், எந்தத் தடத்தில் ஓட வேண்டும், எந்தத் தேதியிலிருந்து ஓட வேண்டும், ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை நடை, அதிகபட்சம் எத்தனை நடை, நேர அட்டவணை என்ன, அந்த அட்டவணையை வண்டியிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்ட வேண்டுமா என்பதையெல்லாம் பெர்மிட்டிலேயே நிபந்தனையாக எழுதலாம் என்று இருக்கிறது. குறைந்தபட்ச நடை என்ற அந்த வரியைக் கவனியுங்கள். பெர்மிட்டில் ஆறு நடை என்று எழுதியிருக்க, பஸ் முதலாளி, கூட்டம் உள்ள நாலு நடையை மட்டும் ஓட்டினால் அது அவருடைய வியாபார விருப்பம் என்று விட்டுவிட முடியாது. அது நிபந்தனை மீறல். 86வது பிரிவு இன்னும் நேரடியாகச் சொல்கிறது: பெர்மிட்டில் எழுதிய எந்த நிபந்தனையை மீறினாலும் பெர்மிட்டை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். அதற்கு முன் முதலாளியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டாக வேண்டும். ரத்துக்குப் பதிலாக ஒரு தொகையைக் கட்டச் சொல்லி முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பெர்மிட் ரத்தானால் கஷ்டப்படுவது அந்த ஊர் ஜனங்களும்தான், தண்டனை என்ற பேரில் ஓடிக்கொண்டிருக்கும் மீதி நாலு நடையும் போய்விடக் கூடாதே. அதனால் அந்த வழியை நான் குறை சொல்ல மாட்டேன்.

பெர்மிட்டின் ஆயுள் ஐந்து வருஷம். முடிவதற்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னால் புதுப்பிக்க விண்ணப்பம் போட வேண்டும். இந்த பஸ் தொடர வேண்டுமா என்று அதிகாரிகள் உட்கார்ந்து யோசிக்கும் இடம் இதுதான் என்று தோன்றும். ஆனால் 81வது பிரிவில் புதுப்பிக்க மறுப்பதற்கு என்னென்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: முதலாளி திவாலாகியிருக்கக் கூடாது, கோர்ட் கட்டச் சொன்ன பணத்தைக் கட்டாமல் வைத்திருக்கக் கூடாது, வரி கட்டாமலோ அனுமதியில்லாத தடத்திலோ ஓட்டி ஒரு வருஷத்துக்குள் இரண்டு தடவையோ அதற்கு மேலோ தண்டனை வாங்கியிருக்கக் கூடாது. எல்லாமே முதலாளியின் யோக்கியதையைப் பற்றியவை. இந்த ஊருக்கு இந்த பஸ் எவ்வளவு தேவை, ஐந்து வருஷத்தில் எத்தனை நடை ஒழுங்காக ஓடியது என்று நேரடியாகக் கேட்கும் வரி அங்கே இல்லை. யாராவது கொண்டுபோய்ச் சொன்னால்தான் அது கோப்புக்குள் வரும். எனக்கு இதுதான் மொத்த விஷயத்திலும் முக்கியமாகப் படுகிறது. பஸ்ஸின் வரவு செலவு தானாகவே கோப்புக்கு வந்துவிடுகிறது, ஊரின் தேவை மட்டும் யாராவது எழுதிக் கொடுத்தால்தான் வருகிறது.

முன்பு இப்படி இல்லை. 1939ஆம் வருஷத்துப் பழைய மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவில் பெர்மிட் கொடுக்குமுன் அதிகாரி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியலே இருந்தது. பொதுமக்களின் நலன், நேரம் எவ்வளவு மிச்சமாகும், இடையில் வண்டி மாறாமல் போக முடியுமா, அந்தத் தடத்தில் ஏற்கெனவே போதுமான பஸ் இருக்கிறதா, எந்த வட்டாரத்துக்குப் பயன், ரோடு எந்த நிலையில் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளும் போலீசும் பயணிகள் சங்கங்களும் தங்கள் கருத்தைச் சொல்லலாம். இதனால் நல்லதும் நடந்தது, முடிவே இல்லாத வழக்குகளும் நடந்தன, ஏனென்றால் ஒருவருக்கு பெர்மிட் கொடுத்தால் இன்னொரு முதலாளி ஆட்சேபணை போடுவார். நம் தஞ்சாவூர் ஜில்லாவே அதற்குச் சாட்சி. பொறையாறு சத்தி விலாஸுக்கும் கும்பகோணம் ராமன் அண்ட் ராமனுக்கும் ஐந்து பஸ் பெர்மிட்டுக்காக நடந்த சண்டை சுப்ரீம் கோர்ட் வரை போய் 1952இல் தீர்ப்பானது. போக்குவரத்து அதிகாரிகள் சட்டப்படி எடுத்த முடிவை ஹைகோர்ட் மேல்முறையீடு மாதிரி எடுத்துக்கொண்டு மறுபடி எடைபோடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் நாடு முழுக்க வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது, விஷயமோ காவிரிக்கரை பஸ் விஷயம்.

1988 சட்டம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது. போட்டி இருந்தால் ஜனங்களுக்கு நல்லது, கேட்பவருக்கு பெர்மிட் கொடுங்கள் என்பது புதிய எண்ணம். இன்னொருத்தருக்கு பெர்மிட் கொடுத்தால் என் வருமானம் குறையும் என்று பழைய முதலாளி தடுக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 1991இல் சொல்லிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் இந்தத் தாராளம் அப்படியே வரவில்லை, காரணம் அரசு போக்குவரத்துக் கழகங்கள். 1972இல் தனியார் பஸ்களை அரசுடைமையாக்கிக் கும்பகோணத்தைத் தலைமையிடமாக வைத்து சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது, 1997இல் பெயர் மாறி இன்று அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம். ஒரு வட்டாரத்தையோ தடத்தையோ அரசு பஸ்ஸுக்கென்று ஒதுக்க வேண்டுமானால் சட்டத்தின் ஆறாவது அத்தியாயப்படி அரசு ஒரு திட்டம் வெளியிடும், முப்பது நாள் ஆட்சேபணை கேட்கும், அப்புறம் உறுதி செய்யும். அப்படி ஒதுக்கிய இடத்தில் திட்டம் சொன்னபடி தவிர தனியாருக்குப் புது பெர்மிட் இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த தனியார் பஸ்களைக் காப்பாற்ற 1992இல் மாநில அரசு தனிச் சட்டமே போட்டது. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி ஸ்டாண்டுகளில் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் இரண்டு நிமிஷ இடைவெளியில் முட்டி மோதிக்கொண்டு கிளம்புவதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

சரி, இப்போது அரசு பஸ்ஸுக்கு வருவோம். டெல்டா கிராமங்களுக்குள் வருவது பெரும்பாலும் அதுதான்.

தனியார் ஒரு நடையை நிறுத்தினால் கலெக்டரிடம் பதில் சொல்ல வேண்டும் என்று பார்த்தோம். அரசுக் கழகமும் பெர்மிட் எடுத்துத்தான் ஓட்டுகிறது, ஆனால் நடைமுறையில் எந்த நடையை ஓட்டுவது, எதைக் குறைப்பது என்பது டெப்போவிலும் மண்டல அலுவலகத்திலும் முடிவாகிறது. கிளை மேலாளர் மேசையில் ஒவ்வொரு தடத்துக்கும், ஒவ்வொரு நடைக்கும் எவ்வளவு கலெக்‌ஷன் என்ற கணக்கு இருக்கும். கிலோமீட்டருக்கு எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு, ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது, இருக்கையில் எத்தனை விழுக்காடு ஆள் இருந்தது. ஆள் பற்றாக்குறையோ வண்டிப் பற்றாக்குறையோ வந்தால் கை முதலில் போவது கலெக்‌ஷன் குறைந்த நடைமேல்தான். பெரும்பாலும் அது ஏதாவது ஒரு கிராமத்தின் கடைசி நடையாக இருக்கும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிடலாம், இது புரிந்தால்தான் மற்றது புரியும். ஒரு கிராமத்து நடை 22 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் கொடுத்தால் நாலு லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்றால் 368 ரூபாய். சாதாரண புறநகர் பஸ்ஸுக்குக் கட்டணம் 2018 ஜனவரியில் வைத்த கிலோமீட்டருக்கு 58 பைசா. வழியெல்லாம் சேர்த்து முப்பது பேர் ஏறி, ஆளுக்குச் சராசரியாகப் பத்து கிலோமீட்டர் போனால் வரவு 174 ரூபாய். அறுபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு வந்தாலும் 348தான். டீசல் காசுக்கே காணாது. டிரைவர் கண்டக்டர் சம்பளம், டயர், இன்ஷூரன்ஸ், வண்டி வாங்கிய கடன் எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. ஆகவே இந்தத் தடம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று யாராவது சொன்னால் அதில் பெரிய செய்தி எதுவும் இல்லை. கட்டணத்தை இந்த அளவில் வைத்திருப்பது அரசின் முடிவு (67வது பிரிவுப்படி கட்டணம் வைப்பது மாநில அரசு), அந்தக் கட்டணத்தில் கிராமத்துத் தடம் எதுவும் முழுச் செலவை எடுக்க முடியாது.

அப்படியானால் சரியான கேள்வி எது? இந்த நடையை நிறுத்தினால் உண்மையில் எவ்வளவு மிச்சம் என்பது. டிரைவரும் கண்டக்டரும் அன்றைக்கு டூட்டியில்தான் இருக்கிறார்கள், அந்த ஒரு நடையை விட்டால் அவர்கள் சம்பளம் குறையப் போவதில்லை. இன்ஷூரன்ஸும் கடனும் வண்டி நின்றாலும் ஓடினாலும் ஒன்றுதான். மிச்சமாவது டீசலும் கொஞ்சம் டயர் தேய்மானமும். மேலே போட்ட கணக்கில் 368 மிச்சம், 174 வரவு இழப்பு, நிகர மிச்சம் ஏறத்தாழ இருநூறு ரூபாய். முழுச் செலவையும் ஏற்றிப் பார்த்தால் பெரிய நஷ்டமாகத் தெரிந்த நடை, நிறுத்தினால் மிச்சமாகும் செலவை மட்டும் வைத்துப் பார்க்கும்போது இருநூறு ரூபாய் விஷயமாகிவிடுகிறது. உலகத்தில் எங்கே பொதுப் போக்குவரத்தை ஒழுங்காக முறைப்படுத்தினாலும் இந்த இரண்டு கணக்கையும் பிரித்துத்தான் பார்ப்பார்கள். அந்த வண்டிக்கு அதே நேரத்தில் வேறு இடத்தில் நல்ல வேலை இருந்தால் கணக்கு மாறும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் 29இலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, முகூர்த்த நாள் கூட்டம் என்று சிறப்பு பஸ் விடும்போது அந்த வண்டி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கிராமத்து நடையிலிருந்து எடுக்கிறார்கள் என்பது டெல்டாவில் பழைய புகார்.

சராசரி என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. காலை ஏழரை மணி பஸ் கிராமத்திலிருந்து டவுனுக்குப் போகும்போது படிக்கட்டுவரை ஆள். அதே வண்டி அதற்காக டவுனிலிருந்து கிராமத்துக்குக் காலியாக வந்திருக்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் பாதி சீட் காலி என்று தாளில் விழும். யாராவது அந்தக் காலி நடையை வெட்டினால் கூட்டமுள்ள நடையும் சேர்ந்து போய்விடும். ராத்திரி நடையும் அப்படித்தான். எட்டரை மணி பஸ்ஸில் பத்துப் பேர்தான் வருகிறார்கள் என்று நிறுத்தினால், ஜவுளிக்கடையில் வேலை முடிந்து அதில் திரும்பும் பெண் காலையிலும் பஸ்ஸில் போக மாட்டார், ஒன்று வேலையை விடுவார், இல்லை வீட்டில் கடன் வாங்கி ஒரு ஸ்கூட்டி எடுப்பார்கள். ஆறு மாதம் கழித்துக் காலை நடையிலும் கலெக்‌ஷன் குறைந்திருக்கும், அதைக் காட்டி அதையும் குறைப்பார்கள். ஆரம்பத்தில் சொன்ன வரிசை இப்படித்தான் நடக்கிறது, இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவைப்படவில்லை.

டெல்டாவுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு, அது பருவம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து குறுவை நடவு ஆரம்பித்தால், அப்புறம் சம்பா, தாளடி என்று நடவும் களையெடுப்பும் நடக்கும் மாதங்களில் விடியற்காலை முதல் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. ஊர்விட்டு ஊர் நடவுக்குப் போகும் பெண்கள், தூக்குச்சட்டியும் பையும். கோடையில் வயல் காய்ந்து கிடக்கும்போது அதே பஸ் காற்று வாங்கும். ஏப்ரல், மே மாதக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தடத்தின் தலையெழுத்தை முடிவு செய்தால் அது நியாயமே இல்லை. மழைக்காலத்தில் வேறு மாதிரி: வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆற்றங்கரைமேலேயே போகும் ரோடுகள் இங்கே ஏராளம், கரை உள்வாங்கினாலோ பழைய பாலம் பலவீனம் என்று எழுதிப் போட்டாலோ பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள். அது சரியான காரணம்தான், ஆள் உயிர் முக்கியம். ஆனால் தற்காலிகம் என்று திருப்பிவிட்ட பஸ், பாலம் கட்டி முடித்த பிறகும் ஊருக்குள் வராமல் புதுப் பாதையிலேயே போய்க்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாதையை மாற்றுவது பெர்மிட் நிபந்தனையை மாற்றுவது, அதற்கு உத்தரவு வேண்டும், உத்தரவு இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதல் நடையைப் பற்றிப் பேசும்போது நைட் ஹால்ட் பஸ்ஸைச் சொல்லாமல் விட முடியாது. ராத்திரி கடைசி நடையாகக் கிராமத்துக்கு வந்து, கோயில் வாசலிலோ ஆலமரத்தடியிலோ வண்டியைப் போட்டுவிட்டு, டிரைவரும் கண்டக்டரும் கொசுவத்தி கொளுத்தி வைத்து சீட்டிலேயே படுத்திருப்பார்கள். காலை ஐந்தரைக்கு அதே வண்டி பால் கேனோடும் கீரைக்கட்டோடும் கிளம்பும். இந்த ஏற்பாட்டில் டெப்போவிலிருந்து காலையில் காலி வண்டி ஓட்டிவர வேண்டியதில்லை, டீசல் மிச்சம். ஊருக்கோ ராத்திரி கடைசி பஸ்ஸும் காலை முதல் பஸ்ஸும் ஒரே ஏற்பாட்டில் கிடைக்கும். இன்றைக்குப் பல இடங்களில் ஊழியர்கள் இதை விரும்புவதில்லை, படுக்க இடமில்லை, கழிப்பறை இல்லை என்பது அவர்கள் பக்கத்து நியாயம். பஞ்சாயத்து ஒரு அறையும் கழிப்பறையும் தண்ணீரும் கொடுத்து ஊழியர்களைக் கௌரவமாகத் தங்கவைத்தால் நைட் ஹால்ட்டைத் தொடர வைப்பது நிச்சயம் சுலபமாகும். ஊர் கையிலேயே இருக்கும் ஒரு வழி இது.

மகளிருக்கு இலவசப் பயணம் 2021 மே மாதம் வந்த பிறகு கணக்கில் புதிதாக ஒன்று சேர்ந்தது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, அந்தச் செலவை அரசு கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. காசு இல்லாவிட்டாலும் கண்டக்டர் ஒரு சீட்டு கிழித்துக் கொடுப்பார். கூட்டத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து வாங்குங்கள். இந்த நடையில் இத்தனை பேர் போனார்கள் என்பதற்கு அந்தச் சீட்டுதான் கணக்கு. கலெக்‌ஷன் குறைவு, ஆள் அதிகம் என்று நிரூபிக்க வேண்டிய நாள் வந்தால் அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இன்னொன்றையும் கவனித்து வையுங்கள்: டவுன் பஸ்ஸாக ஓடிய தடத்தில் அதை எடுத்துவிட்டு புறநகர் பஸ்ஸையோ எக்ஸ்பிரஸ்ஸையோ விட்டால், தாளில் சேவை தொடர்கிறது, ஆனால் நடவுக்குப் போகும் பெண்ணுக்கு இலவசப் பயணம் போய்விட்டது. நிறுத்துவது என்றால் வண்டியே வராமல் போவது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இந்த மாதிரி மாற்றம் கண்ணில் படாது.

பெரிய பஸ் வராத ஊர்களுக்கு மினி பஸ். 1997இல் முதலில் வந்தது, பிறகு பல தடங்களில் கட்டுப்படியாகாமல் படுத்துவிட்டது. புதிய விரிவான மினி பஸ் திட்டத்தை 2025 ஜூன் 16இல் தஞ்சாவூரில்தான் தொடங்கினார்கள். தடத்தின் நீளம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதில் 65 விழுக்காடாவது இதுவரை பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த விகிதம்தான் இதன் உயிர்நாடி. பஸ் போகாத பாதை அதிகம் என்றால் ஊர்களுக்கு நல்லது, முதலாளிக்குக் கலெக்‌ஷன் போதாது. ஏற்கெனவே பஸ் ஓடும் பாதையை அதிகம் விட்டால் மினி பஸ் பிழைக்கும், பக்கத்தில் ஓடும் அரசு டவுன் பஸ்ஸின் கலெக்‌ஷன் குறைந்து அதற்கு ஆபத்து வரும்.

காரைக்கால் போகும் தடங்களுக்கு ஒரு கூடுதல் படி இருக்கிறது. அது புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் மயிலாடுதுறையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ காரைக்காலுக்குப் போகும் பஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் ஒப்பந்தமும், ஒரு பக்கம் கொடுத்த பெர்மிட்டை மறுபக்கம் ஏற்றுப் போடும் மேலொப்பமும் வேண்டும்.

ரயிலுக்கு இந்த அமைப்பு எதுவும் கிடையாது. கலெக்டருக்கு அதில் அதிகாரம் இல்லை, ரயில்வேயே ஓட்டுகிறது, ரயில்வேயே முடிவு செய்கிறது. 1926இல் வந்த மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் 1986இல் நின்றது, இன்றுவரை திரும்பவில்லை. நீடாமங்கலம் – மன்னார்குடிப் பாதையும் பல வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்து 2011இல் உயிர்பெற்றது. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் ரயில் வந்தது. ஒரு தடவை நின்றால் திரும்பி வர எத்தனை காலம் ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ரயில் விஷயத்தில் குரல் கொடுக்க வேண்டிய இடம் திருச்சி கோட்ட அலுவலகமும் அங்கே உள்ள பயணிகள் ஆலோசனைக் குழுவும், எம்.பி.யும்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெளிநாடு. பிரிட்டனில் 1986இல் லண்டனுக்கு வெளியே பஸ் தொழிலைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே முதலாளி லாபமில்லாத தடத்தை நிறுத்தலாம், ஆனால் போக்குவரத்து ஆணையருக்கும் உள்ளூர் கவுன்சிலுக்கும் பல வாரம் முன்னால் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். சமூகத்துக்கு அவசியமான தடம் என்று கவுன்சில் கருதினால் மானியம் கொடுத்து டெண்டர் விட்டு ஓட்டவைக்கலாம். அங்கேயும் ஏராளமான கிராமத்து பஸ்கள் நின்றுதான் போயின, கவுன்சிலிடம் காசு இல்லாததால். இருந்தாலும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற அந்த ஒரு விதி நம் ஊருக்கு வந்தால் எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே பஸ் நின்றது ஊருக்குத் தெரிவது ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் காத்துக்கிடந்த பிறகுதான்.

இனி உங்கள் ஊர் பஸ்ஸுக்கு ஆபத்து என்றால் என்ன செய்வது. முதலில் அது அரசு பஸ்ஸா தனியாரா மினியா என்று பிரித்துக்கொள்ளுங்கள். தனியார், மினி என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தத் தடத்தின் பெர்மிட் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். பெர்மிட்டில் எத்தனை நடை, என்ன நேரம், என்றைக்கு முடிகிறது என்பது கைக்கு வந்தால் மனுவில் எழுத விஷயம் கிடைத்துவிடும். எங்கள் ஊருக்கு பஸ் சரியாக வருவதில்லை என்று பொதுவாக எழுதினால் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு பதிலோடு முடிந்துவிடும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை, பெர்மிட்டில் உள்ள இந்த நேரத்து நடை இத்தனை நாள் வரவில்லை என்று ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் ஒரு நோட்டுப் போட்டுக் குறித்து வைத்து எழுதினால் 86வது பிரிவில் விளக்கம் கேட்டே ஆக வேண்டிய நிலை வரும்.

அரசு பஸ் என்றால் கிளை மேலாளரிடமும் கும்பகோணம் கோட்டத்தின் உங்கள் மண்டல அலுவலகத்திலும் அந்தத் தடத்தின் நடைவாரி கலெக்‌ஷனும் மகளிர் இலவசச் சீட்டுக் கணக்கும் கேளுங்கள், பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள், கோடை மாதத்தை மட்டும் வைத்து அவர்கள் பேச முடியாது. அதோடு அவர்கள் கணக்கில் வராததை நீங்கள் எழுதுங்கள்: எத்தனை பிள்ளைகள் இந்த பஸ்ஸில் ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் போகிறார்கள், தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கோ திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கோ டயாலிசிஸ் மாதிரி தவறவிடக் கூடாத சிகிச்சைக்கு யார் போகிறார்கள், அடுத்த பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், அந்த வழியில் விளக்கு இருக்கிறதா, நடவு சீசனில் எத்தனை பேர். கிராம சபையில் இதைத் தீர்மானமாக ஏற்றிவிட்டால் மனுவுக்குக் கனம் கூடும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது. தீர்மான நகலோடு திங்கட்கிழமை கலெக்டரிடம் போகும்போது, மனுவின் மேலே மாவட்ட ஆட்சியர் என்பதோடு வட்டாரப் போக்குவரத்து ஆணையத் தலைவர் என்றும் சேர்த்து எழுதுங்கள், அப்போது அது வெறும் குறைதீர் மனுவாக இல்லாமல் அந்த அதிகாரத்துக்கே நேராகப் போகும்.

முடிவு பாதகமாக வந்தால் மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, ஆனால் 89வது பிரிவு அந்த வழியைப் பெரும்பாலும் பெர்மிட் வைத்திருப்பவருக்கும் கேட்டவருக்கும்தான் திறந்திருக்கிறது. பயணிக்கு ஹைகோர்ட் ரிட் மனுதான் வழி. தஞ்சாவூர் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை. கோர்ட்டும் கலெக்டர் இடத்தில் உட்கார்ந்து எந்த நடை வேண்டும் என்று முடிவு செய்யாது, 1952 தீர்ப்பின் போக்கு அதுதான். பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் உத்தரவு போடுங்கள் என்று பெரும்பாலும் கலெக்டரிடமே திருப்பி அனுப்பும். அப்போது அவர் மேசையில் உங்கள் நோட்டும் கிராம சபைத் தீர்மானமும் முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.